கும்பகோணம்: பார்சலுக்கு எந்தக் கடை, உட்கார்ந்து சாப்பிட எந்தக் கடை? எப்படிப் பார்த்து முடிவு செய்வது?

குடந்தைக்குப்புதுசு (கேள்வி)

வணக்கம். மாற்றலாகிக் கும்பகோணத்துக்குக் குடிவந்திருக்கிறோம். வீடு மகாமகக் குளத்துக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவில். மொத்தம் 4 பேர். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. மத்தியானம் 12.30, ராத்திரி 8 மணி தாண்டக்கூடாது. பையனுக்கு 6 வயது. வாரத்தில் 2 நாள் மத்தியானச் சாப்பாடு, 2 அல்லது 3 நாள் ராத்திரி டிபன் பார்சல் வாங்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை எல்லாரும் போய் உட்கார்ந்து சாப்பிடுவோம். சைவம், அசைவம் இரண்டும் உண்டு.

இணையத்தில் இருக்கும் பட்டியலெல்லாம் கோயில் சுற்ற வருகிறவர்களுக்கானது. ஒரு நாள் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவருக்கு அது போதும். வருஷக்கணக்கில் இங்கேயே வாங்கிச் சாப்பிடப்போகிறவர் ஒரு கடையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? எதை எந்த நேரத்தில் வாங்குவது, எதைப் பார்சல் வாங்கவே கூடாது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

டெல்டாக்காரன்

முதலில் பார்சலையும் பந்தியையும் பிரித்துவிடுங்கள். இலையில் சாப்பிடும்போது அடுப்புக்கும் வாய்க்கும் நடுவில் 5 நிமிஷம்தான். பார்சலில் அது 40 நிமிஷம் ஆகிவிடும். கட்டுகிற நேரம், பெரிய கடைத் தெரு நெரிசலில் வண்டி ஊர்கிற நேரம், வீட்டில் பிரித்து எடுத்து வைக்கிற நேரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அந்த 40 நிமிஷத்தைத் தாங்குகிற பண்டம் எது, தாங்கும்படி கட்டத் தெரிந்த கடை எது என்று பார்க்கவேண்டும். ஊரில் பேர் வாங்கின கடையாக இருந்தும் பார்சல் சுமாராக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், சமையல் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமே எல்லாம். நம்மூர் மெஸ், ஹோட்டல்களில் முதல் அண்டா சாம்பார் 11.30 வாக்கில் இறங்கும். 1 மணிக்குக் கூட்டம் ஏறி, 1.30 தாண்டினால் அண்டா வற்றும்போது சில இடங்களில் வெந்நீர் விளாவுவார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். வாங்கி வந்த சாம்பாரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி 10 நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். நன்றாகக் கொதித்த சாம்பாரில் பருப்பும் புளித்தண்ணியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், மேலே மெல்லிசாக எண்ணெயும் பெருங்காய வாசனையும் இருக்கும். விளாவின சாம்பாரில் பருப்பு அடியில் தங்கி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணி தனியாகப் பிரிந்துவிடும். ருசி பார்த்தால் உப்பு, காரம் எல்லாம் தள்ளி நிற்பது தெரியும். ஒரு கடையில் 12 மணிக்கு ஒரு நாள், 2 மணிக்கு ஒரு நாள் வாங்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கடையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு 12.30 என்றால் 11.45க்குக் கடையில் நிற்பது நல்லது. அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது, கட்டுகிறவர் நிதானமாகக் கட்டுவார். 12.45க்கு மேல் போனால் பந்திக்குப் பரிமாறுவதற்கே ஆள் போதாமல் பார்சல் மேஜையில் ஒருவர்தான் இருப்பார். ரசத்தை மறப்பது, கூட்டுக்குப் பதில் இரண்டு பொரியல் வைப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

ராத்திரி டிபனுக்கு இட்லியே பாதுகாப்பு. வாழையிலையில் வைத்துக் கட்டின இட்லி ஒரு மணி நேரம் வரை மெத்தென்று இருக்கும். இடியாப்பம், ஊத்தப்பம், கல்தோசையும் பரவாயில்லை. முறுகல், ரவா தோசை, பூரி மூன்றையும் பார்சல் வாங்காதீர்கள், 10 நிமிஷத்தில் ஆவி படிந்து தொய்ந்துவிடும். பொங்கல் ஆறினால் இறுகும். வீட்டுக்கு வந்ததும் கால் டம்ளர் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கிளறினால் மறுபடி இளகும். 9 மணிக்கு மேல் வாங்கும் இட்லியில் புளிப்புத் தூக்கலாக இருந்தால் மாவு காலையில் கரைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை அப்படி இருந்தால் அந்தக் கடையில் ராத்திரி இட்லி வாங்குவதை விட்டுவிடுங்கள். காலை இட்லி அதே கடையில் நன்றாக இருக்கக்கூடும்.

தேங்காய்ச் சட்னியில் கண்டிப்பாக இருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 2 மணி நேரம் வெளியில் இருந்தாலே போதும், கெட்டுவிடும். கரண்டியில் எடுத்தால் நூல் விடுகிறதா, லேசாக நுரைத்திருக்கிறதா என்று பாருங்கள். வயதானவருக்கும் குழந்தைக்கும் பார்சலில் தக்காளிச் சட்னியோ மிளகாய்ப் பொடியோ போதும்.

அடுக்குகேரியர்

டெல்டாக்காரன் சொன்ன 40 நிமிஷத்தைப் பாதி சமாளிப்பது பாத்திரம். ஒரு 5 அடுக்கு எவர்சில்வர் கேரியர் வாங்கிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி நூல் கட்டிக் கொடுப்பது உடம்புக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் தாள், உறை, தூக்குப்பை எல்லாவற்றுக்கும் தடை. பாத்திரம் கொண்டுபோனால் பெரும்பாலான கடைகளில் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நிறைய இடத்தில் கரண்டி கூடுதலாகவே விழும்.

அடுக்கும் முறை முக்கியம். அடித்தட்டில் சாதம், அதன்மேல் சாம்பார், அதற்குமேல் வத்தக்குழம்பு, பிறகு கூட்டும் பொரியலும் ஒரே தட்டில், உச்சியில் ரசம். மோரைக் கேரியருக்குள் வைக்கவே கூடாது. கீழே இருக்கும் சூட்டில் திரிந்துவிடும். மூடி போட்ட தனித் தூக்கில் வாங்குங்கள். எந்தத் தட்டையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். நிரம்பினால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரசம் வழிந்து பொரியலில் இறங்கும். தட்டுகள் ஈரமில்லாமல் துடைத்திருக்கட்டும், ஈரத்தட்டில் வைத்த பொரியல் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். அப்பளத்தை மேலே தனியாகக் காகிதப் பையில். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. அச்சு மை எண்ணெயில் கரைந்து வடைக்குள் இறங்கும்.

இலைக்கட்டு வாங்கினால் இலை வாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அனலில் காட்டின இலை பளபளப்புப் போய்க் கரும்பச்சையாகித் துணி மாதிரி மடங்கும். வாட்டாத இலையை மடித்தால் நரம்போடு கிழியும், கிழிசலை மறைக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போடுவார்கள். இலையை வாட்டிவைக்கப் பொறுமை இருக்கிற கடை மற்றதிலும் பொறுமையாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். முகூர்த்த நாட்களில் இலை விலை ஏறிவிடும், அன்றைக்கு நல்ல கடையில்கூடத் துண்டு இலைதான் கிடைக்கும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பார்சல் சாப்பாட்டில் சாதம் பொதுவாக அரைக் கிலோவுக்குக் குறையாது. உங்கள் 4 பேருக்கு 2 சாப்பாடும் கூடுதலாக ஒரு கூட்டும் ஒரு பொரியலும் போதும். சர்க்கரை உள்ளவருக்குச் சாதத்தைக் குறைத்துக் காயைக் கூட்ட இதுவே வழி. மிஞ்சின சாதத்தை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியில் கிடந்த சாதத்தில் உண்டாகும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

மொட்டைகோபுரம்

அசைவம் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பார்சலுக்கென்றே பிறந்தது பிரியாணி. கட்டின பிறகும் உள்ளே தம் நடக்கும், அரை மணி கழித்துப் பிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: "தம் எப்போது உடைச்சீங்க?" மத்தியான அண்டா 12 மணியை ஒட்டி உடையும், ராத்திரிக்கு 7 மணி வாக்கில் இன்னொன்று. 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் வாங்கினால் மத்தியான அண்டாவின் அடிதான் வரும். உப்பும் நெய்யும் அங்கேதான் இறங்கியிருக்கும், அப்பாவுக்கு ஆகாது. சீரகச் சம்பா என்றால் சோறு உதிரியாக, ஆனால் ஈரப்பதத்தோடு இருக்கும். தயிர்ப் பச்சடியைச் சூடான பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டவிடாதீர்கள்.

பரோட்டா கல்லிலிருந்து எடுத்து அடித்ததும் கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் ஆவி தண்ணீராகி ரப்பராகும். இலையில் வைத்துத் தளர மடிக்கச் சொல்லுங்கள், சால்னா தனித் தூக்கில்.

மீன் சாப்பாட்டுக்கு நாட்காட்டி பார்க்கவேண்டும். இங்கே வரும் கடல்மீன் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துச் சரக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வஞ்சிரம் வறுவல் தட்டில் வந்தால் அது பெரும்பாலும் வெளி மாநிலத்துச் சரக்கோ ஐஸில் பல நாள் கிடந்ததோதான். வறுத்த துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். புதுமீன் சதை இதழ் இதழாகப் பிரியும், பழசு மாவாக நசுங்கும். அந்த மாதங்களில் விரால், கெண்டை என்று குளத்து மீன் போடுகிற மெஸ்ஸைத் தேடிப் போங்கள்.

பையன் ஷவர்மா கேட்டால்: கம்பியில் சுற்றும் இறைச்சியின் வெளிப்புறம்தான் வெந்திருக்கும். சீவினதை மறுபடி கல்லில் போட்டு நன்றாகப் புரட்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். புரட்டாமல் நேராகச் சுருட்டினால் வாங்காதீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடை உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம்.

காமராஜர்சாலை

ஞாயிறு உட்கார்ந்து சாப்பிட ஏசி ஹால் உள்ள பெரிய ஹோட்டல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கைகழுவ இடம், கழிவறை, வயதானவர் நிம்மதியாக உட்கார நாற்காலி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சின்ன மெஸ்களில் பெஞ்சுதான். பின்னாலேயே அடுத்த பந்திக்கு ஆள் நிற்பார்கள். பெரியவர் அவசர அவசரமாகச் சாப்பிட வேண்டிவரும்.

டெல்டாக்காரன்

உட்காருகிற வசதியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சுத்தம் என்று வரும்போது ஏசியை வைத்துச் சொல்லமுடியாது. நான் பார்ப்பது மெனு கார்டின் நீளம். நம்மூர் அளவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் பனீர் டிக்காவும் மஞ்சூரியனும் கேட்பார்கள்? 120 அயிட்டம் போட்டிருக்கிற இடத்தில் பாதிக்கு மேல் ஃபிரீசரிலிருந்துதான் வரமுடியும். 15 அயிட்டம் போடுகிற கடையில் காலையில் வாங்கின சரக்கு ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். ஏசி ஹோட்டலுக்கே போனாலும் பக்கத்து மேஜைகளில் எல்லாரும் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே சொல்லுங்கள். வேகமாக நகர்கிற பண்டம்தான் புதுசாக இருக்கும்.

ஞாயிறு நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் மத்தியானம் 1 மணியிலிருந்து 2.30 வரை ஊருக்குள் குவியும். காந்தி பார்க் பக்கம் வெங்கட்ரமணா மாதிரி பேர் தெரிந்த இடங்களில் அப்போது இடம் கிடைக்காது. 11.45க்குப் போனால் முதல் பந்தி. சாயங்காலம் இன்னொரு அலை உண்டு. திருநாகேஸ்வரத்தில் ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 வரை, அபிஷேகம் முடிந்து கூட்டம் கும்பகோணம் திரும்ப 6.30 ஆகும். அதனால் ஞாயிறு டிபன் என்றால் 6 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். 2028 மகாமகம் வரும்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அந்த வாரத்துக்கு வீட்டில் மளிகை நிரப்பி வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

தராசுமுள்

காகிதப் பக்கம் இரண்டு மூன்று விஷயம்.

கல்லாவுக்குப் பின்னால் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்கும். 14 இலக்க எண். 1 என்று ஆரம்பித்தால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கின வருஷம். ஆக 124 அல்லது 224 என்று தொடங்கவேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இந்த எண் பில்லிலும் இருக்கவேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் போட்டால் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். புகாரும் அதிலேயே கொடுக்கலாம்.

ஜிஎஸ்டி சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், பார்சலுக்கும் அதேதான். இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன், அதாவது விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடையே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. அப்படிப்பட்ட கடை பில்லில் 5 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

ஸ்விக்கி, சொமேட்டோவில் கடை விலையைவிட அதிகம் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கமிஷன் போகிறது. உங்கள் வீட்டிலிருந்து எல்லாமே இரண்டு கிலோமீட்டருக்குள். கடைக்கு நேராகப் போன் போட்டு "இன்ன நேரத்துக்குக் கேரியரோடு வருகிறேன்" என்று சொல்லிவைப்பது மலிவு, சூடும் தங்கும். செயலியில் நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிடக் கடைசி ஒரு மாதத்து விமர்சனங்களை மட்டும் படியுங்கள். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும், மூன்று வருஷத்துக்கு முந்தின பாராட்டு இன்றைக்கு உதவாது.

எண்ணெய்க்கு ஒரு குறிப்பு. பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதம் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. கருவி இல்லாமல் பார்க்கவேண்டுமானால், வடை போட்டதும் சட்டி ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நுரை அடங்காமல் நின்றால், வடை போடுமுன்பே புகை எழுந்தால், எண்ணெய் பல நாள் பழசு. சாப்பிட்ட பிறகு மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

குடந்தைக்குப்புதுசு

எல்லாருக்கும் நன்றி. டம்ளர் சோதனையை நாளைக்கே செய்துபார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவைப் பார்சல் வாங்கலாமா? அப்பாவுக்குக் காலையில் டிகிரி காபி கடையிலிருந்து வேண்டும் என்கிறார், பிளாஸ்கில் வாங்கினால் நன்றாக இருக்குமா?

அடுக்குகேரியர்

கடப்பா எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டதும் சேர்ந்தது அது. ஆற ஆறக் களியாகும். கடையில் கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் இருந்தாலும் வீட்டுக்கு வரும்போது கரண்டி நிற்கும். வாங்கி வந்ததும் ஒரு கிண்ணத்துக்கு 2 மேஜைக்கரண்டி வெந்நீர் விட்டு, சிறு தீயில் ஒரே ஒரு கொதி, உடனே இறக்கிவிடுங்கள். அதிகம் கொதித்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் கக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சுரண்டி மிச்சம் வைத்து ராத்திரிக்கு எடுக்கக்கூடாது. உருளைக்கிழங்கு இருப்பதால் அப்பாவுக்கு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காபி முடிந்தவரை அங்கேயே போய்க் குடிக்கட்டும். கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா மாதிரி இடங்களில் காலைக் காபி குடிப்பதே ஒரு சுகம். முடியாத நாளில் இரண்டு பிளாஸ்க் கொண்டுபோங்கள், சின்னதில் டிகாஷன், பெரியதில் பால். கலந்த காபி பிளாஸ்கில் அரை மணியிலேயே வாசனை போய், பாலின் ஆடை வாடை ஏறிவிடும். இரண்டு பிளாஸ்கையும் வீட்டிலேயே கொதிக்கிற தண்ணீர் ஊற்றி 5 நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு எடுத்துப் போங்கள். பாலைக் கழுத்து வரை நிரப்பச் சொல்லுங்கள், காலி இடம் இருந்தால் சூடு இறங்கும். வீட்டில் ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் என்று ஆரம்பித்து அப்பாவின் நாக்குக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை போடாமல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை நேரத்தில் டபராவில் சர்க்கரை போட்டு வரிசையாக வைத்திருப்பார்கள், கை தானாக அதில் ஊற்றிவிடும்.